உவமை செய்த ஊறு

பள்ளியிலே பெற்றோர் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து பேச்சாளர் ஒருவர் வந்திருந்தார். ஆளுமை வளர்ச்சி, நினைவாற்றல், வெற்றிக்கு வழி என்றெல்லாம் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர். நன்றாகவே பேசினார்; அதை மறுப்பதற்கில்லை. திரையிலே மூளையின் படம் ஒன்று மின்னிற்று. அதில் ஓரிடம் சிவப்பாகச் சுடர்ந்தது. "இவைதாம் கண்ணாடி நரம்பணுக்கள்! நீங்கள் செய்வதைப் பார்த்து உங்கள் பிள்ளை செய்வது இவற்றால். அடுத்தவன் அழுதால் நம் கண் கலங்குவது இவற்றால். மொழி பிறந்தது இவற்றால். நாகரிகம் வளர்ந்தது இவற்றால். இவை உடைந்து பிறந்த பிள்ளைகளைத்தான் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் என்கிறோம்" என்றார். கையொலி மண்டபத்தை நிறைத்தது.

கை தட்டாத தாய் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். நம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவனின் தாய். ஆட்டிசம் என்று மருத்துவர்கள் கூறியிருக்கும் பிள்ளை. மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே வாயிற்படியில் நின்றார். "சார், என் பிள்ளையின் மூளையில் கண்ணாடி உடைந்திருக்கிறது என்கிறாரே அவர்! நான் சிரித்தால், அம்மா சிரிக்கிறாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. கலைக் கல்லூரியில் இலக்கியம் பயின்று, பட்டத்தைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தவர்கள் நாம். செய்யுளைப் பிரிப்போம், மூளையைப் பிரித்தறியோம். "படித்துப் பார்த்துச் சொல்கிறோம், அம்மா" என்று மட்டும் கூறினோம். கூறிய சொல்லைக் காக்கப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

பேச்சாளரின் சொற்களுக்கு ஊற்று எது என்று தேடினோம். தேடிய வழி, நம்மவர் ஒருவரின் வாயிலிலேயே கொண்டுபோய் நிறுத்திற்று. வி. எஸ். இராமச்சந்திரன், 1951-இல் தமிழகத்தில் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியராகப் புகழ் பெற்றவர். கை இழந்தோர்க்கு, இல்லாத கையிலே தாங்கொணா வலி தோன்றுமே, அந்த வலியை ஒரு சிறு பெட்டியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் கொண்டு தணிக்க வழி கண்டவர் அவர். எளிய கருவி, அரிய எண்ணம்! அந்தக் கண்ணாடி வேறு, இங்கே நாம் பேசும் கண்ணாடி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர் என்பதால் இதனைக் கூறி வைத்தோம்.

2000-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். உயிரியலுக்கு டி.என்.ஏ. எதைச் செய்ததோ, அதையே உளவியலுக்குக் கண்ணாடி நரம்பணுக்கள் செய்யும் என்று அதில் முன்னறிவித்தார். 2009-இல் மைசூரில் நடந்த டெட் மாநாட்டு மேடையில், நாகரிகத்தை உருவாக்கிய நரம்பணுக்கள் என்றே தலைப்பிட்டுப் பேசினார். 2011-இல் வெளிவந்த 'தி டெல்-டேல் பிரைன்' என்னும் நூலில் அதே தலைப்பில் ஓர் இயலை அமைத்தார். அதனை அடுத்த இயல் ஆட்டிசம் பற்றியது. இந்த நூலையும், இதற்கு மறுப்புப் போல 2014-இல் கிரெகரி ஹிக்கோக் எழுதிய 'தி மித் ஆஃப் மிரர் நியூரான்ஸ்' என்னும் நூலையும் எதிரெதிரே விரித்து வைத்துக்கொண்டு படித்தோம்.

இராமச்சந்திரனின் நடையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. நோயாளியை நம் கண் முன் நிறுத்துகிறார், நகைச்சுவை தெளிக்கிறார், கேள்வியை எழுப்பி, நம்மைத் தவிக்க விட்டு, பின்னரே விடையை அவிழ்க்கிறார். ஆனால் நடை சுவையானது என்பது ஒன்று. கூற்று உண்மையானது என்பது மற்றொன்று. பாட்டின் ஓசைக்கு மயங்கிப் பொருளை மறப்பவன் நல்ல மாணவன் அல்லன் என்று நாள்தோறும் வகுப்பறையில் கூறிக்கொண்டிருக்கும் நாம், அந்த அளவுகோலை இங்கே மட்டும் மடக்கி வைத்துவிடலாமா?

முதலில் கண்டறிந்தது என்ன? இத்தாலி நாட்டின் பார்மா நகரிலுள்ள பல்கலைக்கழகத்திலே ஜாக்கோமோ ரிசோலாட்டி என்பாரும் அவர்தம் தோழர்களும் மக்காக் குரங்கின் மூளையை ஆய்ந்துகொண்டிருந்தனர். மயிரிழை போன்ற மின்முனையை மூளைக்குள் செலுத்தி, ஒற்றை நரம்பணு எப்போது துடிக்கிறது என்று கேட்பது அவர்கள் முறை. கேட்பது என்ற சொல்லை அறிந்தேதான் எழுதுகிறோம். அணு துடிக்குந்தோறும் ஒலிபெருக்கியில் படபடவென ஓசை எழும். மின்முனை நின்ற இடம், மூளையின் முன்புறத்தில் கைவாய் இயக்கங்களைத் திட்டமிடும் பகுதி. எஃப்5 என்பது ஆய்வாளர் அதற்கு இட்ட பெயர். குரங்கு ஒரு பொருளைப் பற்றும்போது அங்குள்ள அணுக்கள் துடிக்கும் என்பது தெரிந்ததே. தெரியாத ஒன்று நேர்ந்தது. ஆய்வாளர் ஒருவரின் கை உணவுத் துண்டை எடுத்தது. குரங்கு தன் கையை அசைக்கவேயில்லை. எனினும் ஓசை எழுந்தது!

வேர்க்கடலை என்பர் சிலர், பனிக்கூழ் என்பர் சிலர். கதை வாய்க்கு வாய் மாறுகிறது. மாறாதது ஆய்வுத்தாள். 1992-இல் அது வெளிவந்தது. அதற்கு முன் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பியபோது, பொதுவாசகர்க்கு இதில் அக்கறை இராது என்று திருப்பிவிட்டார்களாம்! 1996-இல் 'பிரெய்ன்' இதழில் விரிவான அறிக்கை வந்தது. இரண்டு குரங்குகள். ஆய்ந்த அணுக்கள் 532. அவற்றுள், தான் செய்யும்போதும் பிறர் செய்வதைக் காணும்போதும் துடித்தவை 92. நூற்றுக்கு ஏறத்தாழ 17. இவற்றுக்குத்தான் 'கண்ணாடி நரம்பணு' என்று பெயர் சூட்டினார்கள்.

இலக்கியம் பயின்றவர்கள் இந்த இடத்தில் சற்றே நிற்க வேண்டும். பெயர் சூட்டியது அறிவியல். ஆனால் சூட்டிய பெயர் ஓர் உவமை. முகத்தை எதிரே காட்டினால் அதே முகத்தைத் திருப்பிக் காட்டுவது கண்ணாடி. அந்த 92 அணுக்களும் அப்படிக் காட்டினவா? இல்லை. செய்த செயலும் கண்ட செயலும் அச்சுக்கு அச்சு ஒத்திருந்தவை அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு அளவே. மற்றவற்றுள் மிகப் பல, ஏறக்குறைய ஒத்தவை. விரல் நுனியால் எடுக்கும்போது மட்டும் துடிக்கும் ஓர் அணு, பிறர் எடுப்பதைக் காணும்போது எந்தப் பிடியானாலும் துடிக்கும். இன்னொன்றும் உண்டு. பொருளே இல்லாமல் வெறுங்கையால் எடுப்பதுபோல நடித்துக் காட்டினால் அவை அடங்கிக் கிடந்தன. எத்தகைய கண்ணாடி இது! மூன்றில் ஒரு பங்கு நேரம் முகத்தைக் காட்டுவது, எஞ்சிய நேரம் ஒன்றுவிட்ட உறவினர் முகத்தைக் காட்டுவது! இதற்குக் கண்ணாடி என்று பெயரிட்டவர்கள் குற்றவாளிகள் அல்லர். பெயர் வேண்டியிருந்தது, இட்டார்கள். பெயரைப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளே பொருளைத் தேடியவர்கள்தாம் வழி தவறினார்கள்.

பார்மா ஆய்வாளர்கள் ஓய்ந்துவிடவில்லை. கையும் பொருளும் சேரும் இடத்தைத் திரையிட்டு மறைத்தார்கள். திரைக்குப் பின்னே உணவு இருப்பதைக் குரங்கு முன்பே கண்டிருந்தால், மறைவில் நடக்கும் செயலுக்கும் சில அணுக்கள் துடித்தன. இது 2001. அடுத்த ஆண்டு, கடலை உடைபடும் ஓசையும் தாள் கிழிபடும் ஓசையும் போதும், காண வேண்டியதில்லை என்று காட்டினார்கள். 2005-இல், உண்பதற்காக எடுப்பதும் கலத்தில் இடுவதற்காக எடுப்பதும் வெவ்வேறு அணுக்களைத் தூண்டுகின்றன என்றார்கள். கை ஒன்றே, எடுப்பு ஒன்றே, நோக்கம் வேறு! பொறுமையும் கூர்மையும் கொண்ட ஆய்வுகள் இவை. பாடிய புலவனைவிட உரைகாரன் பெரிதாகக் கூவிவிட்டான் என்பதற்காக நாம் புலவனைக் குறை கூறப் போவதில்லை. 2014-இல் ரிசோலாட்டிக்கு மூளையியலின் பெரும் பரிசான 'பிரெய்ன் பிரைஸ்' கிடைத்தது. பெறத் தக்கவரே பெற்றார்.

குரங்கிலிருந்து மனிதனுக்கு வருவோம். நல்லோர் யாரும் ஆய்வுக்காக மனிதன் மண்டையில் மின்முனை பாய்ச்சமாட்டார்கள். ஆகவே மனிதரைப் பற்றிய சான்றுகளுள் மிகப் பெரும்பாலானவை சுற்றுவழிச் சான்றுகள். 1995-இல் ஃபடீகாவும் தோழர்களும் தலைக்கு வெளியே காந்தத் துடிப்பைச் செலுத்தி, பிறர் பொருளைப் பற்றுவதைக் காணும்போது காண்பவரின் கைத்தசை கூடுதலாக விழித்துக்கொள்வதைக் காட்டினார்கள். பின்னர் காந்தப் படக்கருவிகள் வந்தன. அவை நரம்பணுவைக் காட்டுவதில்லை. குருதி ஓட்டம் எந்தப் பகுதியில் மிகுகிறது என்பதைக் காட்டுகின்றன. அந்தப் படத்தின் ஒரு புள்ளிக்குள்ளே எண்ணிலா அணுக்கள் அடங்கும். தெருவிலே கூட்டம் கூடியிருக்கிறது என்று வானூர்தியிலிருந்து காணலாம். கூட்டத்திலே யார் பேசுகிறார் என்று காண முடியுமா? பெற்றோர் கூட்டத்துத் திரையில் சிவப்பாகச் சுடர்ந்ததே, அது இத்தகைய படந்தான்.

மனித மூளையில் ஒற்றை அணுக்களின் குரலை நேரே கேட்ட ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வலிப்பு நோய்க்கு அறுவை செய்வதற்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் 21 பேர், மனமுவந்து இசைந்தார்கள். 1,177 அணுக்கள் ஆராயப்பட்டன. செய்யும்போதும் காணும்போதும் துடித்த அணுக்கள் சில இருக்கவே செய்தன. ஆனால் மின்முனைகள் இருந்தது குரங்கில் கண்ட இடத்திற்கு நேரான இடத்தில் அன்று. நோயின் வேரைத் தேடி மருத்துவர் வைத்த இடத்தில். நினைவுக்குரிய பகுதியிலும் அத்தகைய அணுக்கள் கிடைத்தன. செய்யும்போது துடித்து, காணும்போது அடங்கிய அணுக்களும் கிடைத்தன! மனிதரிடம் இவை உண்டா என்றால், உண்டு என்றே விடை கூறலாம். அவை எதற்காக உள்ளன என்றால், அங்கேதான் வழக்கு.

பிறர் செயலை நாம் புரிந்துகொள்வது அச்செயலை நம் மூளைக்குள் நடித்துப் பார்ப்பதால்தான் என்பது கண்ணாடிக் கட்சியாரின் முதற் கூற்று. ஹிக்கோக் இதைத்தான் தம் நூலில் முதன்மையாகத் தாக்குகிறார். நாய் குரைப்பது நமக்குப் புரிகிறது. நமக்குக் குரைக்கத் தெரிந்திருக்க வேண்டுமா? மூளையில் அடிபட்டுப் பேச்சை இழந்தோர் பலர், பிறர் பேச்சைப் பெரிதும் புரிந்துகொள்கிறார்கள். பிறப்பிலேயே முகத்தசை செயலற்றவர்கள் உண்டு. தாம் சிரிக்க முடியாத அவர்கள், பிறர் சிரிப்பைச் சிரிப்பென்றே அறிகிறார்கள். இன்னொரு கேள்வி: இவ்வணுக்கள் நடிப்புக்கும் கற்றலுக்கும் தாய் என்றால், அவற்றை உடைய மக்காக் குரங்கு ஏன் நம் குழந்தைபோலப் பார்த்துக் கற்பதில்லை? குரங்குச் சேட்டை என்கிறோமே தவிர, பிறர் செயலைப் பார்த்துப் படியெடுக்கும் கலையில் மக்காக் மிகவும் பின்தங்கிய மாணவன். ஹிக்கோக்கின் நூல் இராமச்சந்திரனின் நூலைப்போல இனிப்பதில்லை. சில இடங்களில் வழக்குரைஞரின் வாதம்போல வறண்டு நீள்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் கால் ஊன்றி ஏறுகிறது.

மறுதரப்புக்கும் சான்று இல்லாமலில்லை. 2006-இல் நடந்த ஆய்வொன்றில், இயக்கப் பகுதியைக் காந்தத் துடிப்பால் சற்றே கலைத்தபோது, பிறர் தூக்கும் பெட்டி எவ்வளவு கனம் என்று கண்டு கூறும் திறன் குறைந்தது. ஆக, காண்பதில் இயக்கப் பகுதிக்கும் சிறு பங்கு உண்டு. பங்காளி என்பது வேறு; முழுச் சொத்துக்கும் உரியவன் என்பது வேறு.

இரண்டாம் கூற்று, இவை பிறப்பிலேயே வந்தவை என்பது. ஆசிரியராகிய நமக்கு மிக நெருக்கமான கேள்வி இது. இங்கிலாந்தின் செசிலியா ஹேய்ஸும் அவர்தம் மாணவர்களும் வேறொரு விளக்கம் தந்தார்கள். குழந்தை தன் கையைத் தானே பார்த்தபடி அசைக்கிறது. செய்வதும் காண்பதும் ஒருசேர நிகழ்கின்றன. நாள்தோறும் நிகழ்வதால் இரண்டும் மூளையிலே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. குழந்தை சிரித்தால் தாய் சிரிக்கிறாள்; அதுவும் ஒரு முடிச்சு. இதனை ஆய்ந்தும் காட்டினார்கள். 2007-இல் கரோலின் கேட்மரும் தோழர்களும், சுட்டுவிரல் அசைவதைக் கண்டால் சுண்டுவிரலை அசைக்க வேண்டும், சுண்டுவிரலைக் கண்டால் சுட்டுவிரலை அசைக்க வேண்டும் என்று சிலரைப் பழக்கினார்கள். பழக்கிய பின் சோதித்தால், சுட்டுவிரல் அசைவைக் காணும்போது சுண்டுவிரல் தசை விழித்தது! கண்ணாடி தலைகீழாகிவிட்டது. பிறவியிலேயே பதித்த கண்ணாடி இவ்வளவு எளிதில் தலைகீழாகுமா? அதற்கு முன் 2005-இலேயே, பாலே ஆடுவோரின் மூளை பாலேயைக் காணும்போதும், பிரேசிலின் கபோயெரா ஆடுவோரின் மூளை கபோயெராவைக் காணும்போதும் மிகுதியாகக் கிளர்வதைக் கண்டிருந்தார்கள். பயின்ற கலைக்கே மூளை துள்ளுகிறது.

பிறந்த சில நாளிலேயே குழந்தை நாக்கை நீட்டுபவரைப் பார்த்து நாக்கை நீட்டும் என்று 1977-இல் மெல்ட்ஸாஃப், மூர் என்னும் இருவர் எழுதினார்கள். பிறவிக் கண்ணாடிக்கு அது பெருந்தூணாக நின்றது. 2016-இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளைப் பிறந்த முதல் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம் வரை மீண்டும் மீண்டும் ஆய்ந்தார்கள். பார்த்துச் செய்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நாக்கை நீட்டிக் காட்டினாலும் குழந்தை நாக்கை நீட்டியது. வாயைத் திறந்து காட்டினாலும் நாக்கை நீட்டியது! வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. ஆயினும் தூண் ஆடுகிறது.

இனி, அந்தத் தாயின் கேள்வி. 2005-இல் சான் டியாகோவில், இராமச்சந்திரனின் ஆய்வகத்தைச் சேர்ந்த லிண்ட்சே ஓபர்மனும் தோழர்களும் ஆட்டிசம் உள்ள 10 பேரையும் இல்லாத 10 பேரையும் ஆய்ந்தார்கள். கையை அசைத்தாலும், பிறர் அசைப்பதைக் கண்டாலும், மூளையின் மின்னலைகளுள் மியூ என்னும் அலை தணியும் என்பது கருத்து. ஆட்டிசம் உள்ளோரிடம், தாம் அசைக்கும்போது தணிந்தது. பிறர் அசைப்பதைக் காணும்போது தணியவில்லை என்றார்கள். அடுத்த ஆண்டு 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு 'உடைந்த கண்ணாடிகள்' என்று தலைப்பு. இருபதே பேரின் தலையில் ஒட்டிய மின்தகடுகளிலிருந்து புறப்பட்ட சொல், கடல் தாண்டி, நம் பள்ளி மண்டபத்துக்கு வந்து, ஒரு தாயின் நெஞ்சில் தைத்தது!

சொல் வந்தது, அதற்குப் பின் வந்த ஆய்வுகள் மட்டும் ஏன் வரவில்லை? 2010-இல் தைவானில் இதே முறையில் ஆய்ந்தவர்கள், ஆட்டிசம் உள்ளோரிடமும் அலை தணிவதைக் கண்டார்கள். தங்கள் கட்டுரைக்கு 'உடையாத கண்ணாடி' என்றே பொருள்படத் தலைப்பிட்டார்கள். 2013-இல் அன்டோனியா ஹாமில்டன் அதுவரை வந்த 25 ஆய்வுகளை ஒருங்கே வைத்து எடை போட்டார். கண்ணாடி அமைப்பு முழுவதும் பழுதுற்றது என்ற கொள்கைக்குப் போதிய ஆதரவு இல்லை என்பது அவர் கண்ட முடிவு. 2016-இல் ஹாப்சன், பிஷப் என்னும் இருவர் அளவுகோலையே ஆய்ந்தார்கள். மியூ அலையை, கவனத்தோடு ஏறி இறங்கும் ஆல்ஃபா என்னும் வேறோர் அலையிலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று என்று காட்டினார்கள். திரையைக் கவனியாதவனுக்கும் கண்ணாடி உடைந்தவனுக்கும் வேறுபாடு காட்டாத அளவுகோல் அது! சாய்ந்த தராசில் நிறுத்துவிட்டு, சரக்கு குறைவு என்று பிள்ளைமீது பழி போட்டிருக்கிறோம்.

இராமச்சந்திரன் தீய நோக்கோடு எழுதினார் என்று நாம் கூறவில்லை. ஆட்டிசத்துக்குத் தாயின் அன்புக்குறைவே காரணம் என்று மேலைநாட்டில் ஒரு காலத்தில் பழி சுமத்தினார்கள்; அந்தக் கொடுமையோடு ஒப்பிட்டால், மூளையில் காரணம் தேடியது ஒரு முன்னேற்றமே. கருதுகோள் என்று சொல்லி எழுதிய இடங்களும் நூலில் உண்டு. ஆனால் 'உடைந்த' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் அவர். அலை தணியவில்லை என்று எழுதியிருந்தால் எந்தத் தாயும் வாயிற்படியில் வந்து நின்றிருக்க மாட்டாள். உடைந்தது என்றால் ஒட்டாதது என்று பொருள். வீட்டில் வைத்திருக்கலாகாதது என்றும் நம் ஊரில் பொருள். உவமையியல் என்றே ஓர் இயல் வகுத்த இலக்கணம் நம்முடையது. உவமைக்கும் பொருளுக்கும் இடையே எந்த ஒப்புமை கொள்ளத் தக்கது, எது தள்ளத் தக்கது என்று பார்க்கப் பயிற்றியிருக்கிறார்கள் நம் ஆசிரியர்கள். முகத்தை மதிக்கு ஒப்பிட்டால் ஒளியைக் கொள்கிறோம், களங்கத்தைத் தள்ளுகிறோம். அறிவியலுக்கு வந்தால் மட்டும் களங்கத்தையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறோம்!

மைசூர் மேடைக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். பிறர் தொடப்படுவதைக் கண்டால் நம்முள் துடிக்கும் அணுக்களுக்குக் காந்தி நரம்பணு என்று பெயர் சூட்டினார் அங்கே. உன்னையும் என்னையும் பிரிப்பது இந்தத் தோல் ஒன்றே என்றார். தனித்த நான் என்பது இல்லை என்னும் கீழைத் தத்துவத்தோடு அதை இணைத்தார். அவையோர் மகிழ்ந்தார்கள். நமக்கோ ஐயம் பிறந்தது. மக்காக் குரங்கின் கைப்பிடியிலிருந்து தத்துவத்துக்கு ஒரே தாவல்! இப்படித் தாவினால், எவரும் எங்கும் போய் இறங்கலாமே. நாளைக்கு நம் நண்பர் ஒருவரே எழுந்து, எண்வகை மெய்ப்பாடு கூறிய தொல்காப்பியர் கண்ணாடி நரம்பணுவை அன்றே அறிந்திருந்தார் என்பார். வேண்டாம். தொல்காப்பியர் அறிந்தது அவருக்குப் போதுமான பெருமை.

காந்தி நரம்பணு என்றார்களே, அதற்குப் பின் எலிகளிடம் கண்டதைக் கேளுங்கள். 2019-இல் நெதர்லாந்தில், தனக்கு வலித்தாலும் மற்றோர் எலிக்கு வலிப்பதைக் கண்டாலும் துடிக்கும் அணுக்களை எலியின் மூளையில் கண்டார்கள். அப்பகுதியை மழுங்கச் செய்தால், பிற எலி துன்புறக் கண்டு உறைந்து நிற்பது குறைந்தது. இரக்கத்தின் விதை என்று மகிழலாம். 2023-இல் ஸ்டான்ஃபோர்டில் சுண்டெலிகளிடம் வேறொன்று கண்டார்கள். தான் சண்டையிடும்போதும், பிற எலிகள் சண்டையிடுவதைக் காணும்போதும் துடிக்கும் அணுக்கள்! அவற்றை அடக்கினால் சண்டை குறைகிறது, தூண்டினால் மிகுகிறது. இதற்கு யார் பெயரைச் சூட்டுவது? அணு அணுவாகவே இருக்கிறது. அறமும் மறமும் நாம் ஒட்டும் சீட்டுகள்.

இன்றைய நிலை என்ன? 2022-இல் ஹேய்ஸும் கேட்மரும், கண்ணாடி நரம்பணுக்களுக்கு என்னதான் ஆயிற்று என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆரவாரம் தணிந்துவிட்டது, ஆனால் பொருள் அழியவில்லை என்பது அதன் சாரம். உடலசைவுகளைப் பார்த்துச் செய்வதில் இவ்வணுக்களுக்குப் பங்கு உண்டு. எந்த வகைப் பிடி, எந்த வகை அசைவு என்று பிரித்தறிவதிலும் பங்கு உண்டு. அசைவுக்குப் பின்னுள்ள எண்ணத்தை அறிவது இவற்றால்தான் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. ஆட்டிசத்துக்கு இவையே காரணம் என்பதற்கும் அவ்வாறே. உளவியலின் டி.என்.ஏ. என்று முழங்கிய 2000-ஐயும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இருபத்திரண்டு ஆண்டுகளில் மலை குன்றாயிற்று எனலாம். குன்றும் ஏறிப் பார்க்கத் தக்கதே.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் கூறவில்லை. மாலையில், பள்ளி விட்ட பின், மரத்தடியில் உட்கார்ந்து கூறியது இவ்வளவே: "அம்மா, உங்கள் பிள்ளையின் மூளையை யாரும் திறந்து பார்க்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கண்ணாடி உடைந்திருக்கிறது என்று பத்துப் பேரைப் பார்த்துச் சிலர் எண்ணினார்கள். பின்னால் பலரைப் பார்த்தவர்கள் அப்படி இல்லை என்கிறார்கள்." அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான் தலைவலி என்று நெற்றியைப் பிடித்தால், தைலப் புட்டியை எடுத்து வந்து தருகிறான், சார். முகத்தைப் பார்க்க மாட்டான், புட்டியை மட்டும் நீட்டுவான்" என்றார். இதை மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டோம். யாரும் கேட்கவில்லையே என்றார்.

அந்தப் பேச்சாளர் அடுத்த திங்கள் மீண்டும் வருகிறாராம். தலைமையாசிரியர் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டார். முன்வரிசையில் ஓரிடம் கேட்டு வைத்திருக்கிறோம். அந்தத் தாய்க்கும் பக்கத்திலேயே ஓரிடம்.